மேல் தொகையைச் சொன்ன குளோரி அக்கா

குளோரி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் விடுதிச் சமையலறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து அவருடைய தம்பி கூப்பிட்டார். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் போனில் பாதிப் பேச்சுதான் விழும். "அக்கா" என்று கேட்டது. பிறகு இரைச்சல். பிறகு "காலைல" என்று கேட்டது. மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு உடனே அழுகை வரவில்லை. இந்தக் கட்டடத்தைப் பற்றி இனி யாரிடம் போய்க் கேட்பது என்ற பயம்தான் முதலில் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

அவரை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். வீடு கட்டும் முன் அவரிடம் யோசனை கேட்டவர்கள், அவரோடு வேலை பார்த்த இன்ஜினியர்கள், ஏற்காட்டு மலையில் எங்கள் நாகலூர் வேதக்கோயிலில் அவரோடு பாடியவர்கள், எங்கள் விடுதியில் தங்கிப் படித்த பெண்கள். உங்களில் சிலருக்கு அவரை என்னைவிட அதிக காலம் தெரியும். ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகள் எங்கள் விடுதிக் கட்டடத்தோடுதான் கழிந்தன. அந்தக் கட்டடத்துக்குத் தப்பான மதிப்பீடு கொடுத்தவர் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் அப்படிச் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பெட்டி இன்னும் உள்ளே போயிருக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் அந்த விடுதியின் வார்டன். எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

குளோரி அக்கா நாகலூருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவரின் மகள். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சேலத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வரைபடம்கூடப் போடாத நிலையில், ஒரு காலி மனையும் ஒருவருடைய ஆசையும் மட்டும் இருக்கும்போது, இதற்கு எவ்வளவு ஆகும் என்று சொல்வதுதான் அவருடைய வேலை. அவர் கொடுக்கிற தொகையை முதலாளி குறைத்துத்தான் வாடிக்கையாளரிடம் சொல்வாராம். ஏன் என்று அக்கா கேட்டதற்கு அவர், "முதல் தொகைங்கறது வாசல்ல போடற கோலம் மாதிரிம்மா, ஆளை உள்ள கூப்பிடத்தான்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா இதைச் சொல்லும்போது சிரிப்பார். உள்ளே போனவர்கள் பாதிச் சுவரோடு நின்றுபோனதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தனியாக மதிப்பீடு போட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். வேலை குறைவாகத்தான் வந்தது. கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம்.

எதற்கும் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டார். வீட்டிலும் அப்படித்தான் என்று அவருடைய தம்பி சொன்னார். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டால், "ஆறுக்கு மேல, எட்டுக்குள்ள" என்பாராம். அவருடைய அம்மா கடைசிவரை அதற்காகத் திட்டிக்கொண்டே இருந்தாராம். இழவு வீட்டில் அதைச் சொல்லி நாங்கள் கொஞ்சம் சிரித்தோம்.

எங்கள் விடுதியில் இருப்பவர்கள் மலைக் கிராமங்களிலிருந்து மேல்வகுப்புப் படிக்க வரும் பெண்கள். செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்துப் பெண்கள்தான் அதிகம். தினமும் போய்வர முடியாத தூரம். பஸ்ஸை விட்டுவிட்டால் காட்டு வழியில் நடக்க வேண்டும். விடுதி இருந்தால் படிப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பழைய கட்டடம் ஒரு மழையில் விரிசல் விட்டு, படுக்கை அறைச் சுவர் பாதி சரிந்தது. அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். இருந்திருக்காவிட்டால் என்று நான் யோசிப்பதில்லை.

புதுக் கட்டடம் வேண்டும் என்று விடுதியை நடத்தும் கமிட்டி முடிவு செய்து, குளோரி அக்காவைக் கூப்பிட்டது. கமிட்டியின் தலைவர் ஞானமுத்து ஐயா. காப்பி எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். விடுதிக்காகத் தன் கையிலிருந்து எவ்வளவோ செய்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் சொல்லப்போவதை வைத்து அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது.

அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். அழுக்கான கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை. மனையை மேலும் கீழும் நடந்து பார்த்தார். மேட்டுப் பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பள்ளத்துப் பக்கம் யாரோ எப்போதோ மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தியது போல இருக்கும். அந்த இடத்தில் நின்று குதிகாலால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தார். பிறகு கமிட்டி முன்னால் வந்து உட்கார்ந்து, மாடியோடு சேர்த்துக் கட்ட நாற்பது லட்சத்திலிருந்து எழுபது லட்சம் வரை ஆகலாம் என்றார்.

 ஞானமுத்து ஐயா கேட்டார்: "ஏனுங்கம்மா, ரெண்டு தொகை சொன்னா எதுன்னு எழுதறதுங்க? ஒண்ணாச் சொல்லுங்க."

"ரெண்டையும் எழுதுங்க ஐயா" என்றார் அக்கா. "மண்ணுக்கு அடியில என்ன கெடக்குதுன்னு இன்னிக்கு எனக்குத் தெரியாதுங்க. தெரியாதத தெரிஞ்ச மாதிரி ஒரே தொகையாச் சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா மண்ணு அதுக்காக மாறாதுங்க."

நாலைந்து இடத்தில் சோதனைக் குழி தோண்டிப் பார்க்கலாம், அதற்கு அதிகம் செலவாகாது, அதன்பிறகு இந்த இடைவெளியைப் பாதியாகக் குறைத்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். நன்கொடை வருவதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அன்று அந்த அறையில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்கும்தான். எல்லோருக்கும் பெண்களை எங்கே படுக்கவைப்பது என்ற கவலைதான். தற்காலிகமாகக் கோயிலின் பழைய கூடத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம். ஓட்டுக்கூரை. ஒரே அறை.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு அக்கா வந்தபோது, வாசலில் கட்டியிருந்த பேனரில் நாற்பது லட்சம் என்ற எண் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பேச வந்தவர்கள் எல்லோரும் நாற்பது லட்சம் என்றே சொன்னார்கள். கைதட்டினார்கள். விழா முடிந்து கேசரி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஞானமுத்து ஐயாவை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, எழுபது எங்கே போனது என்று கேட்டார். நான் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"எழுபதுன்னு சொன்னா ஒருத்தரும் கை நீட்ட மாட்டாங்கம்மா" என்றார் ஐயா. குரலில் கள்ளம் இல்லை. "ஆரம்பிச்சுட்டா எப்படியும் முடிஞ்சிரும். கண்ணு முன்னால சுவர் எந்திரிக்கறதப் பாத்தா சனங்க குடுப்பாங்க."

"எந்திரிக்காம நின்னாலும் பாப்பாங்க, ஐயா" என்றார் அக்கா.  கேசரியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். ஆனால் வேலையை விட்டுப் போகவில்லை. மேற்பார்வைக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாரம் தவறாமல் வந்தார். ஏன் என்று கேட்டேன். தொகை தவறப்போகிறது என்று தெரிந்தும் விட்டுப்போக மனசு வரவில்லை என்றார்.

தோண்டியதுமே தெரிந்துவிட்டது. மேட்டுப் பக்கம் பாறை, பள்ளத்துப் பக்கம் கொட்டின மண். ஒரு பக்கம் உடைக்க வேண்டும், மறுபக்கம் ஆள் உயரத்துக்குமேல் இறங்கினாலும் கெட்டித்தரை வரவில்லை. வெடி வைக்க அனுமதியில்லாததால் பாறையை மெதுவாகத்தான் உடைத்தார்கள். சரிவில் மண் இறங்காமலிருக்கத் தாங்கு சுவர் கட்ட வேண்டி வந்தது. பெரிய லாரி எங்கள் சின்னப் பாதையில் ஏறாது. சேலத்திலிருந்து வந்த மணலையும் கம்பியையும் நாகலூரில் இறக்கி, டிராக்டரில் மாற்றி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டு முறை கூலி. பிறகு மழை. கட்டின தாங்கு சுவரின் ஒரு துண்டு அந்த மழையில் போனது. மறுபடி கட்டினார்கள்.

பணம் தீர்ந்தபோது கட்டடம் தரைக்குமேல் தூண்களாக நின்றது. செலவில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது. பார்க்க வந்த நன்கொடையாளர்களுக்குக் கண்ணில் படுவதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, நாற்பது லட்சத்துக்கு இதுதானா என்று என்னிடம் கேட்டார். ஒப்பந்தக்காரர் கலவை இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வேலையாட்கள் போனார்கள். அந்த இடத்தில் திடீரென்று சத்தமே இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

கோயில் கூடத்தில் அடுத்த மழைக்காலமும் வந்தது. ஓடு ஒழுகியது. பாத்திரம் வைத்த இடம் போக மிச்ச இடத்தில் பெண்கள் நெருக்கியடித்துப் படுத்தார்கள். பாயெல்லாம் ஈரம். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் வரிசையாக எல்லோருக்கும் வந்தது. பரீட்சைக்குப் படிக்க இருக்கிற ஒரே விளக்கடியில் முறை வைத்து உட்கார்ந்தார்கள். பெற்றோர் வந்து பார்த்தார்கள். சத்தம் போட்டவர்கள் இல்லை. "நொம்பக் கஷ்டமா இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு, பெண்ணின் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். வாரத்துக்கு வாரம் கூடத்தில் இடம் தாராளமாகிக்கொண்டே வந்தது. அந்தத் தாராளத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் ஜெபித்தேன். கமிட்டிக்காரர்களின் வீட்டுக்குப் போய் அழுதேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி மல்லிகா. செம்மநத்தத்துப் பெண். பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். நர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்லுக்கு வருஷக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்கும் வேன் மலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. அவளை அதில் அனுப்பப்போவதாகக் கேள்விப்பட்டு நான் அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். அக்காவும் கூட வருகிறேன் என்றார். அப்போதே அவருக்கு உடம்பு முடியவில்லை. ஏற்றத்தில் அடிக்கடி நின்று மூச்சு வாங்கினார். சளி என்று சொன்னார். நானும் நம்பிக்கொண்டேன்.

மல்லிகாவின் அப்பா எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். மகளைப் படிக்கவைக்க வேண்டாம் என்று நினைக்கிற மனிதர் இல்லை அவர். எதிர்த்துப் பேசுகிறவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்காதான் இன்ஜினியர் என்று தெரிந்ததும் அவர் பக்கம் திரும்பினார்.

"வர்ற ஜூன் மாசத்துக்குள்ள கட்டடம் முடிஞ்சிருமுங்களா? முடியும்னு ஒரு வார்த்த சொல்லுங்க, புள்ளைய ஊட்டுலயே வெச்சுக்கறேன். மில்லுக்கு அனுப்பல."

நான் அக்காவைப் பார்த்தேன். மல்லிகா உள்ளே கதவோரம் நின்று அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் பெண் நின்றுவிடுவாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் மனசு முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகத் துடித்தது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "பணம் கெடச்சா ஜூனுக்குள்ள கீழ்த்தளம் முடியுமுங்க. கெடைக்கலீன்னா அதுக்கடுத்த ஜூனும் தாண்டிப் போகலாம். பணம் கெடைக்குமான்னு எனக்குத் தெரியலைங்க."

அவர் தலையாட்டினார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றுகூடச் சொன்னார். இரண்டு வருஷம் பெண்ணைச் சும்மா வீட்டில் வைத்திருக்க முடியாது, கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். கதவோரத்தில் மல்லிகா இல்லை.

திரும்பும் வழியில் நான் அக்காவோடு பேசவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகு தாங்க முடியாமல், ஒரு பொய் சொல்லியிருந்தால் என்னக்கா ஆகியிருக்கும் என்று கேட்டேன். 

அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "இதே மாதிரி ஒரு பொய்யிலதான் ஜெயா நாம இப்ப நின்னுட்டு இருக்கோம். அதச் சொன்னவரும் நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு."

அன்று எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்றும் முழுதாகப் போதவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவரும் அது போதும் என்று நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பஸ் வரும்வரை அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நன்கொடையாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. எல்லோரும் கோபத்தோடுதான் வந்திருந்தார்கள். நாற்பது லட்சத்தில் முடியும் என்றீர்கள், தூண் மட்டும் நிற்கிறது, மதிப்பீடு போட்ட இன்ஜினியர் எங்கே என்று கேட்டார்கள். கணக்குத் தெரியாதவரை வைத்து வேலை செய்தால் இப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். ஞானமுத்து ஐயா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா எழுந்தார். தான் இரண்டு தொகை சொன்னதையும், மேல் தொகையை விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. மாடியை இப்போது விட்டுவிடலாம், அஸ்திவாரம் முடிந்துவிட்டதால் கீழ்த்தளத்துக்கு ஆகும் செலவை இனி ஏறக்குறைய சரியாகச் சொல்ல முடியும், கூடக்குறைய பத்தில் ஒரு பங்குக்குள்தான் மாறும் என்று சொல்லி, தொகையைச் சொன்னார்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "போன தடவையும் ஒரு தொகை சொன்னீங்களேம்மா" என்றார்.

அக்காவின் வாழ்க்கையிலேயே அதைவிடச் சரியான மதிப்பீட்டை அவர் சொல்லியிருக்க மாட்டார். தெரியாதது அனைத்தும் தெரிந்துவிட்ட பிறகு சொன்ன தொகை அது. ஆனால் அதை நம்ப அங்கே ஒருவரும் இல்லை. முதலில் சொன்ன குறைந்த தொகையை ஊரே நம்பியது. இதை யாரும் நம்பவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவர் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். சேலத்தில், ஏற்காட்டில், எஸ்டேட் பங்களாக்களில். சில இடத்தில் வாசலோடு அனுப்பினார்கள். சில இடத்தில் உட்காரவைத்து, கேட்டுவிட்டு, பார்க்கலாம் என்றார்கள். ஒரு நகைக்கடைக்காரர் நல்லவிதமாகவே பேசினார். அடுத்த வருஷம் வந்து வேறு தொகை சொல்ல மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. நிற்கவில்லை. கடைக்காரரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் கைக்குட்டையில் ரத்தத்தை நான் பார்த்தேன். அவர் அதை மடித்து வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

நுரையீரலில் வந்த நோய். தெரிந்தபோது பரவிவிட்டிருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று கேட்கிற மனுஷி, தனக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் கேட்கவில்லை. டாக்டரே சொல்ல வந்தபோதும் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "தெரிஞ்சா வேலையில புத்தி போகாது, ஜெயா" என்றார். நான் கொண்டுபோன கஞ்சியில் இரண்டு வாய்கூட இறங்கவில்லை. கீழ்த்தளத்துக்கு ஜன்னல் எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன மிச்சமாகும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் ஞானமுத்து ஐயா ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அந்த மில் வேனைப் பார்த்தார். டீ குடிக்க நிறுத்தியிருந்தார்களாம். உள்ளே எங்கள் விடுதியில் இருந்த பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா ஜன்னலோரம். அவரைப் பார்த்ததும், "வணக்கமுங்க ஐயா" என்று கை கூப்பியிருக்கிறாள். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் விடுதிக்கு வரும்போதெல்லாம் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறாள். வேன் போன பிறகு அவர் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாராம். டீக்கடைக்காரர்தான் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறார்.

அடுத்த நாள் அவர் சேலத்தில் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மேல் தொகையைத் தான் மறைத்ததாகவும், பழி அக்காவின் மேல் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னார். வயசான மனுஷர் தேம்பினார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்டச் சொல்லி என்னங்க ஐயா ஆகப்போவுது? எனக்குத்தான் அது தெரியுமே. குடுத்தவங்க கிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவர் போனார். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். சிலர் அவர் முகத்துக்கு நேரே கத்தினார்கள். சிலர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். விடுதியோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒரு சிலர் அக்காவின் தொகையை மறுபடி கேட்டார்கள். நகைக்கடைக்காரர் அவர்களில் ஒருவர். கீழ்த்தளத்துக்குப் போதுமான பணம் மெல்ல மெல்லச் சேர்ந்தது.

வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரரிடம் மொத்தச் செலவைக் கேட்டுக்கொண்டு நான் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் சொன்ன தொகைக்குக் கொஞ்சம் மேலே, அவர் சொன்ன பத்தில் ஒரு பங்குக்குள்ளேதான் இருந்தது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "குழி தோண்டியாச்சுல்ல. அதுக்கப்பறம் யார் சொன்னாலும் சரியாத்தான் வரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மல்லிகாவைப் பற்றிக் கேட்டார். மில்லில் ஒப்பந்தம் முடியவில்லை, அவள் வரவில்லை என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவரைக் கடைசியாகப் பேசக் கேட்டது அன்றுதான்.

கீழ்த்தளத்தில் இப்போது பெண்கள் இருக்கிறார்கள். ஒழுகவில்லை. ஆனால் முன்பு இருந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் இடம். மல்லிகா வரவே இல்லை. அவளோடு போன மற்றவர்களும் வரவில்லை. அவர்களுக்கு இப்போது கட்டடம் இருக்கிறது என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. படிப்பு விட்டுப்போனது விட்டுப்போனதுதான். கட்டி முடித்துவிட்டோம் என்று யாராவது என்னைப் பாராட்டும்போது எனக்கு அவர்களுடைய முகங்கள்தான் வருகின்றன.

அடக்கம் முடிந்த சில நாட்களில் கமிட்டி கூடியது. குளோரி அக்காவின் நினைவாக மாடியைக் கட்டிவிட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் மனசு இளகியிருந்தது. புதிதாக ஒரு இளம் இன்ஜினியரைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் தூண்களை ஒரு சுற்றுச் சுற்றிவந்து ஒரு தொகையைச் சொன்னார். கையிலிருக்கும் பணத்தோடு கொஞ்சம் கடன் வாங்கினால் சமாளித்துவிடக்கூடிய தொகை. எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. எனக்கும்தான் வந்தது. மாடி வந்தால் இன்னும் எத்தனை பெண்கள் வரலாம் என்று என் மனசு ஓடத் தொடங்கியது.

ஆனால் நான் எழுந்து, எதையெல்லாம் பார்க்காமல் இந்தத் தொகையைச் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.  அவர் நல்ல பையன். கோபப்படவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார். மழையில் நின்ற தூண்களின் கம்பி உள்ளே எந்த அளவுக்கு அரித்திருக்கிறது என்று சோதிக்கவில்லை. பள்ளத்துப் பக்கத்துத் தாங்கு சுவர் மாடியின் பாரத்தைத் தாங்குமா என்றும் பார்க்கவில்லை. அவையெல்லாம் மோசமாக இருந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் தயங்கினார். ஞானமுத்து ஐயாவைப் பார்த்தார்.

"சொல்லுங்க, தம்பி" என்றார் ஞானமுத்து ஐயா. "பெரிய தொகையவே சொல்லுங்க. அதத்தான் எழுதப்போறோம்."

அவர் சொன்னார். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பணம் எங்களிடம் இல்லை. வரும் வழியும் தெரியவில்லை. தூண்களையும் சுவரையும் முதலில் சோதித்துப் பார்ப்பது, அதுவரை மாடியைத் தொடங்குவதில்லை என்று முடிவாயிற்று. யாரும் கைதட்டவில்லை. டீகூடக் குடிக்காமல் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலை மாரமங்கலத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த வருஷம் இடம் கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வருஷமாவது என்றார். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், அதை நம்பிப் படிப்பை நிறுத்தி வைக்காதீர்கள், ஏற்காட்டில் தெரிந்தவர் வீடு இருந்தால் இப்போதே விட்டுப் படிக்கவையுங்கள் என்றேன். அவருக்குத் தெரிந்த வீடு எதுவும் இல்லை. நான் அறிந்த இரண்டு வீடுகளின் பெயரைச் சொல்லி, நானும் வந்து கேட்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு இறங்கினேன். முதல் வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். இரண்டாவது வீட்டில், வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பதில் வரவில்லை.

இல்லாததை இல்லை என்று ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதன்பிறகும் அவரை விட்டுவிட்டுப் போகாமல் கூடவே நடப்பது. குளோரி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்.